கேளாமல் விட்ட விடை

நோவா பேழையின் சாளரத்தைத் திறந்து புறாவை வெளியே அனுப்பிய வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். முதல் முறை கால் வைக்க இடமின்றி அது திரும்பி வந்தது. ஏழு நாள் கழித்து ஒலிவ இலையுடன் வந்தது. மூன்றாம் முறை வரவே இல்லை. இம்மூன்றுமே நோவாவுக்கு விடைகள்தாம். புறாவை அனுப்பிவிட்டு, அது என்ன செய்தி கொண்டு வந்தது என்று பாராமலே அவர் கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களில் இத்தகைய தவறு அடிக்கடி நேர்கிறது. அத்தவறைப் பற்றியும் அதனைத் தாமாகவே கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

செயற்கூறும் அதன் விடையும்

நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பாகும். பெரிய நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதுவர். இப்பகுதிகளுக்குச் செயற்கூறுகள் என்று பெயர். ஒரு செயற்கூறை அழைத்தால், அது தன் வேலையைச் செய்துவிட்டு ஒரு மதிப்பைத் திருப்பி அனுப்பும். பல வேளைகளில் அம்மதிப்பு, 'வேலை முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்று தெரிவிக்கும் செய்தியாக இருக்கும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோப்பை மூடுவதற்கு 'எஃப்-குளோஸ்' என்ற செயற்கூறு உண்டு. கோப்பில் எழுதச் சொன்னவை யாவும் உடனே வட்டுக்குச் செல்வதில்லை. அவை நினைவகத்தில் சேர்ந்திருக்கும். கடைசிப் பகுதி, மூடும்போதுதான் அனுப்பப்படும். வட்டில் இடம் இல்லையென்றால், 'முடியவில்லை' என்ற விடை அப்போதுதான் வரும். நிரல் அதனைக் கவனிக்காவிட்டால், 'மதிப்பெண்கள் சேமிக்கப்பட்டன' என்று திரையில் காட்டிவிடும். ஆனால் பட்டியலின் இறுதியில் உள்ள மாணவிகளின் மதிப்பெண்கள் கோப்பில் இரா! விடையைக் கேட்டே ஆகவேண்டும் என்று சி மொழி வற்புறுத்துவதில்லை.

ஒரு விடையால் விளைந்த கேடு

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், கைப்பேசியைக் கணிப்பொறியுடன் இணைத்துச் சோதிப்பதற்காக ஓர் உதவி நிரல் உண்டு. அது முழு அதிகாரத்துடன் தொடங்கும். பின்பு 'செட்-யுஐடி' என்ற செயற்கூறை அழைத்துத் தன் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்காலத்தில், ஒரு பயனர் பெயரில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு நிரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அமைப்பு இதற்கு மறுத்து, கழித்தல் ஒன்று என்ற விடையை அனுப்பும். உதவி நிரலோ அவ்விடையைப் பார்க்கவே இல்லை. அதிகாரம் குறைந்துவிட்டது என்று எண்ணி, முழு அதிகாரத்துடனேயே வேலையைத் தொடர்ந்தது.

2010ஆம் ஆண்டில் இக்குறை வெளிப்பட்டது. வேண்டுமென்றே ஏராளமான நிரல்களை ஓடவிட்டு அந்த மறுப்பை வரவழைக்கலாம் என்று கண்டனர். 2011 மார்ச்சில் வெளிப்பட்ட 'டிராய்டுடிரீம்' என்னும் தீய நிரல், சாதாரணச் செயலிகளுக்குள் ஒளிந்து வந்து, இந்த வழியையும் பயன்படுத்திப் பிறர் கைப்பேசிகளைக் கைப்பற்றியது. விடையைச் சோதிக்க இரண்டு வரிகள் எழுதியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும் அன்றோ!

கருவிகள் கண்டுபிடிக்கும் முறைகள்

பல இலட்சம் வரிகள் கொண்ட நிரலை மனிதர் ஒருவரே படித்து இத்தகைய பிழைகளைத் தேடுவது இயலாத செயல். எனவே நிரலை ஓட்டாமலே அதன் வரிகளைப் படித்துச் சோதிக்கும் கருவிகள் தோன்றின. அவற்றின் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தனியே நிற்கும் அழைப்பைத் தேடுவது. செயற்கூறின் விடை ஒரு பெயரில் சேமிக்கப்படவும் இல்லை, 'எனில்' என்ற சோதனைக்கு உட்படவும் இல்லை என்றால், அவ்விடை வீணாயிற்று என்று கருவி அறிந்துகொள்ளும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970களின் பிற்பகுதியில் எழுதிய 'லின்ட்' இப்படிப்பட்ட வேலையைச் செய்தது. துணியில் ஒட்டியிருக்கும் நூற்பிசிறைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

ஆனால் திரையில் எழுதும் 'பிரிண்ட்-எஃப்' கூட ஒரு விடையை அனுப்புகிறது. அதை ஏறக்குறைய எவரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் குறை சொன்னால் எச்சரிக்கைகள் மலைபோல் குவியும். ஆகவே இரண்டாவது முறை வந்தது. 'இதன் விடையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்' என்று செயற்கூறை எழுதுபவரே அதற்கு அடையாளம் இடுவார். சி பிளஸ் பிளஸ் மொழியின் 2017ஆம் ஆண்டுத் தரத்தில் 'நோடிஸ்கார்ட்' என்ற அடையாளம் இதற்காகவே சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, பெரும்பான்மையைப் பார்த்துக் கற்பது. ஒரு செயற்கூறை நூறு இடங்களில் அழைத்து, தொண்ணூற்றெட்டு இடங்களில் விடையைச் சோதித்திருந்தால், மீதி இரண்டு இடங்களும் ஐயத்திற்கு உரியவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாசன் எங்லரும் அவருடைய மாணவர்களும் 2001இல் இவ்வழியை விளக்கினர்.

கருவியால் இயலாதது

விடையைக் கேட்கவில்லை என்று சொல்லக் கருவியால் முடியும். ஆனால் 'முடியவில்லை' என்ற விடை வந்தால் என்ன செய்வது? மறுபடி முயல்வதா, பயனருக்குத் தெரிவிப்பதா, நிரலை நிறுத்துவதா? இதைத் தீர்மானிப்பது மனிதரின் கடமை. எச்சரிக்கை மறைந்தால் போதும் என்று, விடையை வாங்கி ஒன்றும் செய்யாமல் விடுவோரும் உண்டு. அவர்கள் கருவியை ஏமாற்றலாம். வட்டில் இடமில்லாத நாளை ஏமாற்ற முடியாது.

இன்னும் ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கருவி தரும் எச்சரிக்கையும் நமக்கு வந்த ஒரு விடையே. அதைப் படிக்காமல் தள்ளிவிட்டால், நிரல் செய்த அதே பிழையை நாமும் செய்தவர்களாவோம். எனவே நிரல் எழுதக் கற்கும் மாணவியராகிய நாம், ஒவ்வொரு செயற்கூறை அழைக்கும்போதும், 'இது என்ன விடை தரும்? இல்லை என்றால் நாம் என்ன செய்வோம்?' என்னும் இரு கேள்விகளையும் முதலில் கேட்டுப் பழகுவோமாக.