கியரை எப்போது மாற்றுவது?

கேள்வி: மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரை அன்றாடம் ஓட்டும்போது எத்தனை ஆர்பிஎம்மில் கியர் மாற்ற வேண்டும்?

பதில்: சாதாரண ஓட்டத்துக்கு 2,500 முதல் 3,500 வரை போதும். 2019 மாடலிலிருந்து இதன் 2 லிட்டர் இன்ஜின் 7,500 வரை சுற்றும். ஆனால் உச்ச டார்க் 4,000-இலேயே கிடைத்துவிடுகிறது. நகர நெரிசலில் அதையும் தாண்டி விரட்டினால் பெட்ரோல்தான் வீண். 'அப்படியானால் 1,500-இலேயே மாற்றினால் இன்னும் மிச்சம்தானே?' என்று கேட்கலாம். சமதளத்தில், ஆக்சிலரேட்டரை மெல்லத் தொடும்வரை சரிதான். மேட்டிலோ முந்தும்போதோ அதே கியரில் அழுத்தி மிதித்தால் இன்ஜின் திணறி அதிரும். பேரிங்குகளுக்கு அந்தச் சுமை நல்லதல்ல. அங்கே தயங்காமல் கீழ் கியருக்கு இறங்குங்கள். அதிக ஆர்பிஎம் இன்ஜினைத் தேய்த்துவிடும் என்ற அச்சம், ஆயில் சூடாகாத முதல் சில நிமிடங்களுக்குத்தான் பொருந்தும். சூடான பிறகு, திறந்த சாலையில் 7,000-ஐத் தொட்டாலும் தாங்கும்படியே இதை வடிவமைத்திருக்கிறார்கள்.