பிடி ஆடும் வேட்டைக் கத்தி

கேள்வி: எங்கள் தாத்தா கூடலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்து வேட்டைக் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலகில் ‘ஷெஃபீல்டு’ என்று பொறித்திருக்கிறது. மடக்குக் கத்தி அல்ல. அலகின் இரும்பே பிடியின் கடைசிவரை ஓடுகிறது; இருபுறமும் மான் கொம்புத் துண்டு வைத்து மூன்று ஆணி அறைந்திருக்கிறார்கள். ஒரு பக்கத் துண்டு விரிசல் விட்டு ஆடுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? மான் கொம்பு கிடைக்குமா? இல்லாவிட்டால் எந்த மரம், எந்தப் பசை நல்லது? தோட்டத்தில் கயிறு அறுக்க, சிறு கிளை வெட்டப் பயன்படுத்த ஆசை.

– வாசகர், கோத்தகிரி

பதில்: கொம்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஷெஃபீல்டு பட்டறைகள் பிடி போட விரும்பி வாங்கியது கடமான் கொம்பை. அது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனது. நம் காட்டுக் கொம்பே இங்கிலாந்து போய்க் கத்தியாகித் திரும்பி வந்திருக்கலாம். இன்று அந்த வழி கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். மான் தானாக உதிர்த்துவிட்டுப் போன கொம்புதானே என்று காட்டிலிருந்து எடுத்துவருவதும் அப்படித்தான். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். மரம் போடுங்கள்.

ஒரு துண்டை மட்டும் மாற்றாதீர்கள். கொம்பு விரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கொம்பில் இருக்காது, அதற்கு அடியில் இருக்கும். இடுக்கு வழியாக இறங்கிய ஈரம் இரும்பைத் துருவாக்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆணி நடுவில் இழுத்துப் பிடித்திருக்க, துரு ஓரத்தில் தூக்குகிறது. அந்த இழுபறியில்தான் பிடித்துண்டு பிளக்கிறது. உங்களூர் ஈரக் காற்றில் மறுபக்கத்திலும் இதே வேலை நடந்துகொண்டிருக்கும். இரண்டையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுமுன் அலகைக் கெட்டி அட்டையில் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வேலை முழுதும் முடியும்வரை அது இருக்கட்டும். பிடி போடும்போது கை கிழிபடுவது கவனமெல்லாம் பிடியில் இருப்பதால்தான்.

பழைய ஆணிகளை நெம்பாதீர்கள். நெம்பினால் இரும்பில் உள்ள துளை கோணிவிடும். ஆணியின் தலையை டிரில் வைத்துக் குடைந்தெடுங்கள். பிறகு, துளையிட்ட மரக்கட்டைமேல் கத்தியைக் கிடத்தி, ஆணியைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் வைத்து அடித்தால் மறுபக்கம் இறங்கிவிடும். எதற்காகவும் நெருப்பில் காட்ட வேண்டாம். இந்த வகைக் கரி எஃகு சுமார் 200 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே பதம் இளகத் தொடங்கும். அலகு நீலம் பாய்ந்துவிட்டால் வாய் நிற்காது.

துருவை எமரித் தாளால் தேய்த்து எடுங்கள். குழிக்குள் இருக்கும் துருவுக்கு, வினிகரில் நனைத்த துணியை அந்தப் பகுதியில் மட்டும் சில மணி நேரம் சுற்றிவைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே காயவையுங்கள். இப்போது துளைகளைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். அங்கே இரும்பு தகடாக மெலிந்திருந்தால் புதுப்பிடி போட்டு அழகாக வைத்துக்கொள்ளலாம், வேலைக்கு எடுக்கக் கூடாது. அழுத்தி வெட்டும்போது முறிவது அந்த இடத்தில்தான்.

மரத்துக்கு என் தேர்வு கருவேலம். பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் கிடைத்தால் விடாதீர்கள். பல்லாண்டுகள் காய்ந்து, இனிச் சுருங்க ஒன்றுமில்லாத கட்டை அது. ஈட்டியும் அருமையான மரம், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். எந்த மரமானாலும் முகக்கவசம் போட்டே தேயுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பச்சைக் கட்டை மட்டும் கூடவே கூடாது.

பக்கத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு போடுங்கள். ஒரு துண்டைக் கத்தியோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, இரும்பின் துளை வழியாகவே மரத்தைத் துளையுங்கள், அடுத்ததையும் அதேபோல. ஆணிக்குப் பித்தளைக் கம்பி போதும். அலகைப் பார்த்திருக்கும் முன் விளிம்பை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே இழைத்து மெருகேற்றிவிடுங்கள். ஒட்டியபின் அங்கே அரம் போனால் அலகில் கீறல் விழும்.

பசைக்கு ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். வெயிலும் ஈரமும் அதற்கு ஒத்துவராது. மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட் வாங்குங்கள். இரும்பையும் மரத்தையும் சொரசொரப்பாக்கி, துடைத்து, இரண்டு பக்கமும் பூசுங்கள். மரத்தின் அடியில் ஓர் ஓரம்கூட வெறுமையாக விடக் கூடாது. பழைய பிடிக்குள் ஈரம் நுழைந்தது அப்படிப்பட்ட இடுக்கில்தான். கிளாம்ப்பை ஒரே முறுக்காக முறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும். நான்கு பக்கமும் மெல்லிசாகக் கசிந்தால் அந்த அளவு போதும். பிதுங்கியதை இறுகுமுன்பே துடைத்துவிட்டு, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். பிறகு ஆணியின் இரு முனையையும் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி விரியுங்கள்.

வடிவம் கொடுக்க அரமும் உப்புத்தாளும் போதும். மிஷினில் வைத்தால் பித்தளை சூடேறி, பசை இளகிவிடும். தேய்க்கத் தேய்க்க உங்கள் உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். கையுறை போட்டு வேலை செய்பவரென்றால் கையுறையோடு பிடித்துப் பாருங்கள். கடைசியில் 400 எண் தாள், பிறகு ஆளி விதை எண்ணெய் சில பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

தாத்தா காலத்துத் தோலுறை இருந்தால் வேலைக்குப் போகும்போது மட்டும் பயன்படுத்துங்கள். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வீட்டில் அலகுக்கு எண்ணெய் தடவி, உறையில்லாமல், குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் வையுங்கள்.