பாசிர் ரிஸ் காற்றுக்கு எந்த மெஷ்?

டிசம்பரில் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவையும் சதுப்புநில மரங்களையும் கடந்து வடகிழக்குப் பருவக்காற்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளுக்குள் நுழைகிறது. தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அதில் எவ்வளவு வந்தடையும் என்று கணினியில் பார்க்க, காற்றுவெளியை முதலில் சிறு கட்டங்களாக வெட்ட வேண்டும். அதுதான் மெஷ். இதில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு நேரம் கணக்குப் போட்டும் பயனில்லை.

மெஷ் போடும் கார்ட்டீசியன் முறையில் எல்லாம் கனசதுரங்களே. 16 மீட்டர் கட்டத்தில் தொடங்கி, சுவரை நெருங்க நெருங்கப் பாதி பாதியாக்குவார்கள். ஐந்தாம் முறை 0.5 மீட்டர். ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக் கட்டங்கள் எட்டு மடங்காகும் என்பதால், எங்கே நிறுத்துவது என்பதில்தான் செலவு இருக்கிறது. ஜப்பானியக் கட்டடக்கலைக் கழகத்தின் வழிகாட்டி, கட்டடத்தின் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 10 கட்டங்கள் கேட்கிறது. ஆள் உயரக் காற்றை அளக்கும் இடம் தரையிலிருந்து மூன்றாவது கட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்கிறது. 1.5 மீட்டர் உயரத்தில் அளப்பதானால் 0.5 மீட்டர் கட்டம் தவிர்க்க முடியாதது.

இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் பின்னணிக் கட்டத்தை வெட்டி, பிறகு முனைகளை இழுத்துச் சுவரில் ஒட்டவைக்கும். கட்டட மாடலில் சிறு ஓட்டைகள் இருந்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பல கணினிகளில் பிரித்து ஓட்டலாம். ஆனால் அமைப்புக்கோப்பில் அளவுருக்கள் ஏராளம். புதியவர் ஒரு வாரம் தடுமாறுவார். சிஎஃப்மெஷின் கார்ட்டீசியன்மெஷ் சில வரிகளில் முடியும், சுவரோர அடுக்குகளையும் ஒழுங்காகப் போடும். பதிலுக்கு, வெளி எல்லையையும் உள்ளடக்கிய மேற்பரப்பைக் கேட்கும். கட்டம் பெரிதாக இருந்தால் குறுகிய இடைவெளிகளை அடைத்தும்விடும்: 3.6 மீட்டர் உயரக் கீழ்த்தளத்துக்கு 2 மீட்டர் கட்டம் கொடுத்தால் அந்தத் தளமே காணாமல் போகலாம்.

ஒரு புளோக்கை நாமே சுத்தமாக வரைந்திருந்தால் நான் சிஎஃப்மெஷையே எடுப்பேன். நகர மாடலிலிருந்து ஐம்பது புளோக்குகள் ஓட்டைகளோடு வந்தால் ஸ்னாப்பிதான். சுவர் நேர்கோடுகளாகவே இருந்து, மாடலை அச்சுக்கு இணையாகத் திருப்ப முடிந்தால், ஒட்டவைக்காமல் படிக்கட்டு வடிவிலேயே விட்டுவிடலாம். ஹனோவர் பல்கலைக்கழகத்தின் பால்ம் மென்பொருள் நகரங்களை அப்படித்தான் கையாளுகிறது. அச்சுக்குச் சாய்வாக நிற்கும் புளோக்குகளுக்கு அது உதவாது. சுவரோரத்தில் இல்லாத சுழல்களைக் காட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விமானச் சிறகுக்குப் போடுவதுபோலத் தரைமேல் மெல்லிய அடுக்குகளை அடுக்காதீர்கள். புல்லும் புதரும் கொண்ட தரையைச் சொரசொரப்பு அளவால்தான் குறிக்கிறோம். முதல் கட்டத்தின் மையம் அந்த அளவைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வரும் காற்று புளோக்கை அடையும் முன்பே தன் வடிவத்தை இழந்துவிடும்.

சதுப்புநில மரங்களைக் கிளை கிளையாக மெஷ் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். அந்தப் பகுதியைக் கட்டங்களால் நிரப்பி, காற்றைத் தடுக்கும் விசையை அங்கே சேர்த்தால் போதும். இலை அடர்த்திக்கு ஏற்ற எண்ணைத் தருவதில்தான் உழைப்பைச் செலவிட வேண்டும்.