வானிலிருந்து திமிங்கிலம் எண்ணுவது எப்படி?

எம். புதுப்பட்டியில் கடல் இல்லை. மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆயினும், விண்ணிலிருந்து திமிங்கிலங்களை எண்ணும் முறையைக் கற்றுக்கொள்ளத் தேவையான இரண்டு பொருள்கள் அவ்வூரில் எளிதில் கிடைக்கும். ஒன்று, சிவகாசியில் அச்சான நாள்காட்டி. மற்றொன்று தீக்குச்சி.

முதலில் நாள்காட்டிப் படத்தைப் பூதக் கண்ணாடியால் பாருங்கள். மயிலும் மலரும் மறைந்து வண்ணப் புள்ளிகளே தெரியும். செயற்கைக் கோள் படமும் இப்படித்தான். ஆனால் அச்சுப் புள்ளி பெரிதும் சிறிதுமாக இருக்கும். செயற்கைக் கோள் படத்தின் புள்ளிகள், அதாவது பிக்சல்கள், ஒரே அளவுள்ள சதுரங்கள். ஒரு சதுரம் கடற்பரப்பில் அரை மீட்டரைக் குறிக்குமானால், 15 மீட்டர் நீளத் திமிங்கிலம் 30 சதுரங்கள் நீளமிருக்கும். அதுவே 5 மீட்டர் பைலட் திமிங்கிலமானால் பத்தே சதுரம். அலை நுரையா, விலங்கா என்ற ஐயம் அங்கே எழும்.

2012 செப்டம்பரில், அர்ஜென்டீனாவின் வால்டெஸ் தீபகற்பத்தை ஒட்டிய வளைகுடாவில் 113 சதுர கிலோமீட்டர் பரப்பை வேர்ல்ட்வியூ-2 என்ற செயற்கைக் கோள் 770 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படம் பிடித்தது. தென்கடல் ரைட் திமிங்கிலங்கள் குட்டி ஈனுவதற்கு வரும் அமைதியான நீர் அது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகத்தின் பீட்டர் ஃப்ரெட்வெல் குழுவினர் படத்தைக் கண்ணால் ஆராய்ந்து, 'பெரும்பாலும் திமிங்கிலமே' என 55, 'இருக்கலாம்' என 23, நீருக்கடியில் தெரியும் உருவங்கள் 13 எனப் பிரித்தெழுதி 2014-இல் வெளியிட்டனர். 'மொத்தம் 91' என்று மட்டும் சொல்லி முடிக்காத அந்த நேர்மையைக் கவனியுங்கள். கணிப்பொறியும் எண்ணியது, அந்த 55-இல் 89 விழுக்காட்டைக் கண்டுபிடித்தது. அதற்குப் பெரிதும் உதவியது 400 முதல் 450 நானோமீட்டர் வரையுள்ள ஊதா-நீல ஒளி. சிவப்பொளியை நீர் விரைவில் விழுங்கிவிடும். இவ்வொளியோ ஆழம் செல்லும்.

இனித் தீக்குச்சி. மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகளைக் கருநிறத் துணியில் இறைத்து, நுரைக்குப் பதிலாகப் பொரியையும் தூவுங்கள். மாடியிலிருந்து படமெடுத்து, இரு நண்பர்கள் தனித்தனியே எண்ணிக் குறிக்கட்டும். முதலாமவர் 30, இரண்டாமவர் 24, இருவருக்கும் பொதுவானவை 20 என்று கொள்வோம். இரண்டாமவர் கண்ட 24-இல் 20-ஐ, அதாவது ஆறில் ஐந்து பங்கை, முதலாமவரும் கண்டிருக்கிறார். அப்படியானால் அவருடைய 30-ம் மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்காக இருக்கக்கூடும். மொத்தம் 36! இருவரும் சேர்ந்து கண்டவை 34. ஆகவே இருவர் கண்ணுக்கும் தப்பியவை இரண்டு.

துணிக்கு அடியில் ஒளித்த குச்சியை இக்கணக்கும் காட்டாது. திமிங்கிலம் மூழ்குவதும் அப்படியே. நேரத்தில் கால் பங்குதான் அது மேலே இருக்குமென்றால், கண்ட 10-ஐ 40 ஆக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? மணப்பாட்டுக் கடலோரத்தில் 1973-இல் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. 2016 ஜனவரியில் மீண்டும் ஒதுங்கியபோது 45 இறந்தன. மீனவர்கள் இருந்ததால் செய்தி உடனே பரவிற்று. ஆனால் 2015-இல் சிலி நாட்டில், மனித நடமாட்டமற்ற பேனாஸ் வளைகுடாப் பகுதியில் குறைந்தது 343 'சே' இனத் திமிங்கிலங்கள் மாண்டுகிடந்தன. அத்தகைய இடங்களைச் செயற்கைக் கோளால் கண்காணிக்கலாம் என்று பின்னர் அப்பகுதிப் படங்களை ஆராய்ந்து காட்டினார்கள்.

நமக்கு அருகில், இலங்கையின் தேவேந்திரமுனைக்குத் தெற்கே, நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் நீரிலேயே பெருங்கப்பல் பாதையும் செல்கிறது. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் இறக்கின்றன. பாதையை எவ்வளவு தள்ளிவைப்பது என்று முடிவு செய்ய, அவை எங்கே, எந்த மாதத்தில், எத்தனை என்பது தெரிய வேண்டும். கால் மீட்டர் நுணுக்கமுள்ள நமது கார்ட்டோசாட்-3 2019-இல் ஏவப்பட்டது. நுணுக்கம் போதும், வானிலைதான் தடை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மேகமும் வெண்ணுரையும் படத்தைக் கெடுத்துவிடும். அப்போது நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி, திமிங்கிலங்களின் குரலைக் கேட்பதே வழி.