எது எங்கே பிறந்தது? – பங்காருபாளையத்துச் செம்மண்

கேள்வி: பாடப் புத்தகங்கள் உலகத்தை உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டாகப் பிரிக்கின்றன. எங்கள் மாந்தோப்புகளின் செம்மண் இவற்றுள் எதைச் சேர்ந்தது? அது எப்படி உண்டாயிற்று? (ஒரு வாசகர், பங்காருபாளையம்)

பதில்: மலைச்சரிவை வெட்டிச் சாலை போட்டிருக்கும் இடங்களில் நின்று பார்த்தால், அடியில் இறுகிய பாறையும், அதன்மேல் விரலால் நசுக்கினாலே உதிர்ந்துவிடும் முரம்பும், அதற்கும் மேலே செம்மண்ணும், மண்ணையும் முரம்பையும் துளைத்துக்கொண்டு இறங்கும் வேர்களும் கண்ணுக்குத் தெரியும், மொகிலி மலைப்பாதை வழியாகப் பலமநேருக்கு ஏறுகிறவர்கள் இத்தகைய வெட்டுமுகங்களைக் கவனித்திருக்கலாம். பாறை ஜடம், வேர் ஜீவன். இடையிலுள்ள மண்ணை மட்டும் இவ்விரண்டில் ஒன்றின் கணக்கில் எழுதிவைக்க யாராலும் இயலாது.

சித்தூர்ச் சீமைக்கு அடித்தளமாக அமைந்த கருங்கல்லும் அதன் இனத்துப் பாறைகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. அவற்றை உடைத்துப் பார்த்தால் வெள்ளையான வெங்கச்சங்கல்லும், வெளிர்நிற ஃபெல்ஸ்பாரும், கரிய காக்காப்பொன்னும் கலந்திருக்கும். மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி ஃபெல்ஸ்பாரை நாளடைவில் களிமண்ணாக்குகிறது. காக்காப்பொன்னிலிருந்து விடுபடும் இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து துருவாகிறது. எளிதில் கரையாத வெங்கச்சங்கல் மணலாக எஞ்சுகிறது. அந்தத் துருவின் நிறமே செம்மண்ணின் நிறம். இதுவரை சொன்னது முழுவதும் ரசாயனம், ஜீவராசிகளுக்கு இதில் பங்கில்லை என்று தோன்றக்கூடும். ஆனால் அந்தப் பிராணவாயு எங்கிருந்து வந்தது? பூமியின் ஆதிக் காற்றில் தனித்த பிராணவாயு கிடையாது. தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத நீலப்பச்சைப் பாசிகள், சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைச் சமைத்துக்கொண்டு வெளியே விட்ட அவ்வாயு, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் காற்றில் தங்கத் தொடங்கிற்று. ஆக, தங்கள் ஊர்ப் பாறை பிறந்த காலத்தில் அதைச் சிவக்க வைக்கும் காற்றே உலகத்தில் இல்லை. மாந்தோப்பின் செந்நிறம் உயிர்கள் இட்ட நிறம் என்று நான் சொல்வது வெறும் அலங்காரமன்று.

பாறையை மண்ணாக்கும் வேலையிலும் உயிர்கள் ஓய்ந்திருப்பதில்லை. மொட்டைப் பாறையில் முதலில் குடியேறுவது, நாம் மசாலாவில் சேர்க்கும் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்த பாசிகள். அவை சுரக்கும் அமிலம் கல்லின் மேற்பரப்பை அரிக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சினால் மண்ணிடுக்குகளில் கரியமில வாயு வெளிக்காற்றிலுள்ளதைப் போலப் பன்மடங்கு பெருகி, அங்கே இறங்கும் மழைநீரின் அரிக்கும் சக்தியை மிகுவிக்கிறது. கறையான் ஆழத்திலுள்ள களிமண்ணை மணி மணியாக மேலே கொண்டுவந்து புற்றாகக் கட்டுகிறது; புற்று கரைந்தபின் அந்தக் களி நிலத்தின் மேற்பரப்பில் பரவிவிடுகிறது.

ஒன்றை மட்டும் தாங்களே செய்து பார்க்க வேண்டுகிறேன். வேர்க்கடலைக் கொல்லையில் பூத்த செடி ஒன்றைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருக்கும் சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறுங்கள்; உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அம்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றித் தருகின்றன. அந்த வேலைக்கு மிகுதியான பிராணவாயு விரோதி. ஆகவே அவ்வாயுவைப் பற்றிக்கொண்டு அளவாக வழங்குவதற்கென்று, நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளை அம்முடிச்சு உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய இரும்பு, வேர் செம்மண்ணிலிருந்து உறிஞ்சியதே. கல்லிலிருந்த இரும்பு மண்ணுக்கு நிறமாயிற்று. அதே இரும்பு செடிக்குள் புகுந்து ஜீவ காரியம் செய்கிறது. செடி மட்கியபின் மீண்டும் மண்ணுக்கே திரும்புகிறது.

கேள்வி: ஜீவனையும் ஜடத்தையும் சேர்த்து ஒன்றாகக் காணும் கருத்து முதலில் யாருக்கு உதித்தது? (ஒரு மாணவர், சித்தூர்)

பதில்: ஒருவரைச் சுட்டுவது கடினம். ருஷ்ய விஞ்ஞானி டொகுச்சாயெவ், தம் நாட்டுக் கரிசல் மண்ணைப் பற்றி 1883-இல் வெளியிட்ட நூலில், பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, காலம் ஆகியவை கூடிப் பெற்ற பிள்ளையே மண் என்று ஸ்தாபித்தார். அதற்கு இரண்டாண்டு முன்பே டார்வின், மண்புழுக்கள் நிலத்தை உழுது புரட்டுவதை விரிவாக எழுதியிருந்தார். உயிர்களையும் அவற்றைச் சூழ்ந்த ஜடப்பொருள்களையும் ஒரே அமைப்பாகவே கொள்ளவேண்டும் என்று வாதாடி, அவ்வமைப்புக்குப் பெயரும் சூட்டியவர் ஆங்கிலேயத் தாவர நிபுணர் ஆர்தர் டான்ஸ்லி, ஆண்டு 1935. அமெரிக்க இளைஞர் ரேமண்ட் லிண்டெமன் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து, சூரிய சக்தி பாசியிலிருந்து அதைத் தின்னும் பிராணிகளுக்கும், அவற்றிலிருந்து அவற்றை இரையாக்கும் பிராணிகளுக்கும் எவ்வாறு கைமாறுகிறது என்று கணக்கிட்டார். அக்கட்டுரை 1942-இல் அச்சேறுமுன்பே அவர் காலமாகிவிட்டது இன்று நினைத்தாலும் வருந்தத்தக்கது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மரத்தையும் விலங்கையும் பறவையையும் மக்களின் தொழிலையும் கருப்பொருளாகவும் வகுத்திருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். அது செய்யுள் இலக்கணம். அதை விஞ்ஞானமாக்குவது நூலுக்கும் விஞ்ஞானத்துக்கும் நியாயம் செய்வதாகாது. எனினும், நிலத்தை விட்டுவிட்டு அதில் வாழும் உயிரைப் பற்றிப் பேச முற்படாத மனம் அவ்வகுப்பில் தெளிவாகவே தெரிகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்துக் காட்டு யானைகள் எங்கிருந்து வந்தவை? (ஒரு விவசாயி, பலமநேர்)

பதில்: தெற்கேயிருந்து, ஓசூரை ஒட்டிய காடுகளின் பக்கமிருந்து, 1980-களில் வந்தவை. நெடுங்காலம் யானையில்லாதிருந்த அப்பிரதேசத்தில் அவை நிலைத்துவிட்டதனால், 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. பாலாற்றில் சேரும் கௌண்டின்யா, கைகல் ஓடைகள் ஓடும் அக்காடு, கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. பாறைச் சரிவுகளில் விழும் மழை தங்காமல் ஓடிவிடும். யானைக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனியும், 100 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். இலை உதிர்ந்து ஓடை வற்றும் அதே பருவத்தில், காட்டின் ஓரத்தில் கிணற்றுப் பாசனத்தில் கரும்பும், தோப்பில் மாங்காயும் நிற்கும்போது, யானை எங்கே இறங்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஓராண்டு உழைப்பு ஓரிரவில் மிதிபட்டுப் போகிறவரின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. யானை மிதித்து மாண்டவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன, மின்சாரம் பாய்ந்து செத்த யானைகளும் இருக்கின்றன. ஆனால் தடுப்பாகப் போடும் அகழியும் மின்வேலியும் யானையை மட்டும் கணக்கில் கொண்டவை. தண்ணீரையும் பாறையையும் அவை கணக்கில் கொள்ளவில்லை. காட்டுக்குள்ளேயே ஓடைக்குக் குறுக்கே சிறு தடுப்பணை கட்டுவதும், தூர்ந்துபோன குட்டைகளின் வண்டலை எடுத்துச் செம்மண் கொல்லைகளில் அடிப்பதும் வேறு வேறு இலாகாக்களின் வேலையாக இன்று எண்ணப்படுகின்றன. இவற்றை ஒரே வேலையாகச் செய்யும்படி தங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் வனத்துறையும் மழைக்காலத்துக்கு முன்பே கூடிப் பேசலாம்.