இருபத்திரண்டு தாள்களில் ஒரு நட்சத்திரம்

(இளங்கலைக் கணிதம், மூன்றாம் ஆண்டு)

மார்கழி மாதத்தில் எங்கள் மணமேல்குடிக் கடற்கரையில் வாடைக்காற்று பலமாக வீசத் தொடங்கிவிட்டால், நாட்டுப்படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். கடல் கொந்தளிக்கும் மாதமும் கிறிஸ்துமஸ் வரும் மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டன. கையில் காசு குறையும் அந்த வேளையில்தான், "நம்ம வீட்டுக்கு ஸ்டார் எப்பப்பா வாங்குவ?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குகிறார்கள்.

வாங்க முடியாதவர்கள்தாம் கையால் செய்வார்கள் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற டிசம்பரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொருவருடன் அமர்ந்து நட்சத்திரம் செய்தபோதுதான் அவ்வெண்ணம் மாறியது. அந்த அனுபவத்தை நண்பர்களுடனும் பேராசிரியப் பெருமக்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிந்துபோன நட்சத்திரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவி. கிறிஸ்துமஸ் நெருங்கியும் எங்கள் தெருவில் இருள் நீங்கவில்லை. பரணிலிருந்த பழைய காகித நட்சத்திரத்தை எடுத்து, அதற்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தேன். காற்று ஒருமுறை அசைத்தது. நொடியில் அது எரிந்து முடிந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "கையில படலையே?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆண்டு எங்கள் வாசலில் நட்சத்திரம் இல்லை. ஒன்று செய்யத் தெரிந்திருந்தால் செய்திருப்பேனே என்ற ஏக்கம் நெடுநாள் என்னிடம் இருந்தது.

கணக்கு வகுப்பில் பிறந்தது

ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மொரேவியத் திருச்சபையினர் நடத்திய பள்ளிகளில் வடிவியல் பாடத்தின் ஒரு பகுதியாகப் பிள்ளைகள் காகித நட்சத்திரம் செய்தார்கள். பின்னாளில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரின் பெயரால் அது உலகெங்கும் அறியப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களோ மூங்கிலும் மெல்லிய தாளும் கொண்டு 'பரோல்' என்னும் ஐந்துமுனை விளக்கைச் செய்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் நட்சத்திரமும் இத்தகைய கைவேலையின் உறவுதான். கடைச்சரக்கு ஆவதற்கு முன் அது பிள்ளைகளின் பாடமாக இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

செய்முறை

ஒரு நட்சத்திரத்திற்குத் தேவையானவை: 60 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மூங்கில் சிம்புகள் 10, 14 செ.மீ. நீளமுள்ள துண்டுகள் 5, நூல், பட்டம் செய்யும் வண்ணத்தாள், மைதா பசை. சிம்பின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இல்லையேல் பிஞ்சு விரல்களில் சிலாம்பு ஏறும்.

ஒவ்வொரு நீளச் சிம்பிலும் இரு முனைகளிலிருந்தும் 23 செ.மீ. தொலைவில் கோடு போடுங்கள். நடுவே 14 செ.மீ. எஞ்சும். ஐந்து சிம்புகளைத் தரையில் வைத்து, கையெடுக்காமல் நட்சத்திரம் வரைவதுபோல் முனையோடு முனை சேர்த்துக் கட்டுங்கள். சிம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடங்கள் நாம் போட்ட கோடுகளிலேயே அமையும். ஒவ்வொரு முனையிலும் 36 பாகை. நடுவில் அமையும் ஐங்கோணத்தின் மூலைகளில் 108 பாகை. 60-ஐ 37-ஆலும், 37-ஐ 23-ஆலும் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ 1.6 வரும். கணித நூல்கள் பொன்விகிதம் என்று கூறும் 1.618-தான் இது. மூன்றாண்டுகளாக நான் ஏட்டில் படித்ததை மூங்கிலில் கண்டது அன்றுதான்.

இதுபோல் இரண்டு சட்டங்கள் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் பிணைக்க வேண்டும். பின்னர் உள்மூலைகள் ஐந்திலும் 14 செ.மீ. துண்டுகளைச் செருகிக் கட்டினால் சட்டம் இருபுறமும் உப்பி நிற்கும். அதை மூட 20 முக்கோணங்களும் 2 ஐங்கோணங்களும் தேவை. ஆக மொத்தம் 22 தாள்கள். துண்டுகளின் அளவும் 14 செ.மீ. ஆதலால் முக்கோணங்கள் அனைத்தும் ஒரே அளவு. பழைய காலண்டர் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக்கொண்டால் போதும். ஒட்டுவதற்குச் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டவேண்டும்.

பசைக்கு ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்துச் சிறுதீயில் கிண்ட வேண்டும். புத்தகம் பைண்டு செய்வோர் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசைக்கு ஆகாது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே காய்ச்சிக்கொள்ளலாம். மூங்கில் ஒரு வீட்டுப் பந்தலிலிருந்து கிடைத்தது. தாளுக்கும் மைதாவுக்குமாக நட்சத்திரம் ஒன்றுக்கு 40 ரூபாய்க்குள்ளாகவே செலவாயிற்று.

முடிச்சு யாருடையது?

நான் கட்டிய முதல் சட்டம் தூக்கியதும் குலைந்தது. மீண்டும் கட்டினேன், மீண்டும் நழுவியது. எல்லோருக்கும் பின்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். எட்டாம் வகுப்பு. தனக்குக் கணக்கு வராது என்றும், பத்தாவதோடு படகுக்குப் போய்விடுவேன் என்றும் முதல் நாளே என்னிடம் சொன்னவன். அவன் மெல்ல எழுந்து வந்தான்.

"அக்கா, இப்படிக் கட்டுனா அவுந்துரும். குடுங்க."

வீட்டிலிருந்து மிஞ்சிய வலைநூலைக் கொண்டுவந்து, அவன் அப்பா வலை பொத்தும்போது போடுகிற முடிச்சைப் போட்டான். சட்டம் கல்லாக நின்றது. அதன்பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் முடிச்சு கற்றுக்கொடுத்தவன் அவனே. நானும் அவனுடைய மாணவிதான். மறுநாள் அவன் என்னிடம், "45 சென்டிமீட்டர் குச்சியா இருந்தா எங்க கோடு போடணும்?" என்று கேட்டான். 60-க்கு 23 என்றால் 45-க்கு எவ்வளவு என்று கேட்டேன். மணலில் விரலால் எழுதிச் சற்று நேரம் கழித்து, "பதினேழே கால்" என்றான். கணக்கு வராது என்று சொன்ன பிள்ளையின் வாயிலிருந்து வந்த விடை அது! அவன் பள்ளியில் நீடிப்பானா என்பதை ஒரு நட்சத்திரம் முடிவு செய்துவிடாது. ஆயினும் கணக்கு வராது என்ற சொல்லை அதற்குப்பின் அவன் என்னிடம் சொல்லவில்லை.

குடிலும் விளக்கும்

1223-இல் இத்தாலியின் கிரெச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார், தீவனத்தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தார். அதிலும் விலைகொடுத்து வாங்கும் ஆடம்பரம் எதுவும் இல்லை. நாங்கள் கண்மாய்க் களிமண்ணில் ஆடுமாடுகள் செய்தோம். பசையில் தோய்த்த பழைய செய்தித்தாளைக் கசக்கி, கரித்தூள் பூசி மலையாக்கினோம். டிசம்பர் 15-ஆம் நாள், ஊறவைத்த கேழ்வரகைத் தட்டில் தூவியதில் பத்து நாளில் பசும்புல்வெளி கிடைத்தது. அதற்குத் தினமும் தண்ணீர் தெளித்தவர்களில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. கடற்கரையில் வெறும் கிளிஞ்சல்களை மட்டும் பொறுக்கினோம். உள்ளே உயிர் இருந்தால் கடலுக்கே விட்டோம். தெர்மோகோல் வாங்கவே இல்லை.

விளக்கைப் பற்றி ஒரு சொல். காகித நட்சத்திரத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பழைய குண்டு பல்பும் மிகுந்த சூடாகும். அது பெறும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. 5 வாட் எல்.இ.டி. பல்பே போதும். அதுவும் தாளைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். ஒயர் இணைப்பைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். மழைக்காலம் ஆதலால் தாழ்வாரத்திற்குள் மாட்டுவதே நலம்.

டிசம்பர் 24 இரவு எங்கள் தெருவில் ஏழு நட்சத்திரங்கள் எரிந்தன. ஒன்று சற்றுக் கோணல். அதுதான் நான் கட்டியது. அப்பா அதன் கீழே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எரியாதுல்ல?" என்று சிரித்தார்.

இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! ஓர் அளவுகோலையும் கொஞ்சம் வண்ணத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். முடிச்சுப் போடத் தெரிந்தவன் அவர்களுக்குள் நிச்சயம் இருப்பான்.