பெரியோர் போற்றிய நூலில் இடம்பெயர்ந்தோரின் கதை

விவிலியத்தைப் பற்றிப் பெரியோர் சொன்ன பாராட்டுரைகளைத் தொகுத்து வெளியிடுவது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். அரசர்கள், விஞ்ஞானிகள், நாட்டுத் தலைவர்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் பாராட்டுவது எளிது. காணியையும் கிணற்றையும் விட்டுவந்து, முகாம் கொட்டிலிலோ கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டு விறாந்தையிலோ வெள்ளவத்தையில் வாடகை அறையிலோ காலம் கழித்த குடும்பங்களுக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்? ஆகவே இப்பாடத்தில் வேறொரு கேள்வியைக் கேட்போம். இந்நூலை ஊன்றிப் படித்தவர்கள், படித்தபின் என்ன செய்தார்கள்?

1. சைவராகவே இருந்து படித்தவர்

நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர் சைவத்தின் காவலர் என்பதை எல்லோரும் அறிவோம். அவர் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்தவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது பல ஆண்டுகள் அவருக்குத் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறியது.

நாவலர் கிறிஸ்தவராகவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கினார். பிரசங்கம், அச்சுக்கூடம், எளிய வசனநடை என மிஷனரிமார் கையாண்ட வழிகளையே தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். கோயில் கிரியைகளை இகழ்ந்தவர்களுக்கு 1854இல் ‘சைவதூஷணபரிகாரம்’ என்ற நூலால் விடை கொடுத்தார். எருசலேம் ஆலயத்தில் நடந்த வழிபாட்டு முறைகளை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டி வாதிட்டார்.

ஒரு நூலை மறுக்க விரும்புகிறவரும் அதை முழுமையாகப் படிக்க வேண்டும் என்பது நாவலர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். இன்று இதை வாசிக்கும் சைவக் குடும்பங்களுக்கும் நாம் சொல்வது இதுவே. சமயம் மாறுவதற்காக அல்ல, அறிவதற்காக இந்நூலைத் திறந்து பாருங்கள்.

2. கொழும்பில் காந்தியடிகள் சொன்னது

காந்தியடிகள் இலண்டனில் சட்டம் படித்த காலத்தில்தான் விவிலியத்தை முதன்முதலாக வாசித்தார். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள் தம்மைத் தூங்க வைத்தன என்று தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மலைப்பொழிவோ அவர் நெஞ்சில் நேராகச் சென்று தைத்தது. அதைக் கீதையோடு ஒப்பிட்டு நோக்கினார்.

1927 நவம்பரில் அவர் கதர்ப் பணிக்கு நிதி திரட்ட இலங்கைக்கு வந்தார். கொழும்பில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பேசியபோது, மலைப்பொழிவு மட்டுமே தம் முன் இருந்தால், அதற்குத் தாம் காணும் பொருளின்படி தாமும் ஒரு கிறிஸ்தவரே எனச் சொல்லத் தயங்கமாட்டார் என்ற கருத்தை வெளியிட்டார். அத்துடன் நிற்கவில்லை. கிறிஸ்தவம் என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பகுதி அந்தப் பொழிவுக்கே மாறானது என்றும் சொன்னார். பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கண்டிப்பை விட்டுவிடுவது நமக்கு அழகல்ல.

3. அஞ்சியவர்களும் நம்பியவர்களும்

ஒரு நூலின் வலிமையை, அதற்கு அஞ்சியவர்களைக் கொண்டும் அளக்கலாம். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கென 1807இல் இலண்டனில் ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் நீக்கப்பட்டிருந்தது. மோசே தம் மக்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டுவந்த கதை அதில் இல்லை. கீழ்ப்படிதலைப் போதிக்கும் பகுதிகள் இருந்தன. அடிமைகள் அந்தக் கதையை வாசித்தால் என்ன நடக்கும் என்பதை அச்சிட்டவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் மறைத்த கதை மறையவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதைப் பாட்டாகவும் பிரசங்கமாகவும் காத்து வந்தார்கள். 1968 ஏப்ரல் 3ஆம் திகதி மெம்பிஸ் நகரில், வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளருக்கு ஆதரவாக மார்ட்டின் லூதர் கிங் பேசினார். மலையுச்சியிலிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்த மோசேயின் நிலையில் தம்மை வைத்து அன்று பேசினார். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

4. சட்டியில் வைத்த காணி உறுதி

பெரியோரை விட்டு இப்போது நம்மிடம் வருவோம். விவிலியத்தின் பல பகுதிகள், நாடிழந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களிடையே உருவானவை அல்லது தொகுக்கப்பட்டவை. நம் நிலையை அறிந்தவர்களின் நூல் அது.

எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமைப் பகைவர் சூழ்ந்து நிற்கிறார்கள். எரேமியா அரண்மனைக் காவலில் இருக்கிறார். அந்த வேளையில் அவர் தம் ஒன்றுவிட்ட சகோதரரிடம் அனத்தோத்து ஊரிலுள்ள நிலத்தை 17 வெள்ளிக் காசுக்கு வாங்குகிறார்! சாட்சிகள் முன் உறுதி எழுதி, முத்திரையிட்டதையும் முத்திரையிடாததையுமாக இரண்டு பிரதிகளை மண்சட்டியில் வைத்துப் பாதுகாக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் வாங்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சட்டி அடையாளம்.

அதே எரேமியாதான் 29ஆம் அதிகாரத்தில், பாபிலோனில் இருப்பவர்களுக்கு வேறுவிதமாகக் கடிதம் எழுதுகிறார். போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அதன் கருத்து. இரண்டும் முரண் அல்ல. இருக்கும் இடத்தில் வாழ வேண்டும். இழந்த காணியின் உரிமையையும் கைவிடக் கூடாது.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து ஓடியவர்களுக்கு இது பொருந்தும். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது அவ்வாறே பொருந்தும். ஒருவருடைய காணிக்காகக் குரல் கொடுத்து, மற்றவருடைய காணியை மறந்துவிடுவது விவிலிய வாசிப்பு ஆகாது.

5. நாம் செய்யக்கூடியவை

அ. காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து, மூலத்தை ஓரிடத்திலும் பிரதியை வேறிடத்திலும் வையுங்கள்.

ஆ. உறுதி தொலைந்திருந்தால் மனம் தளராதீர்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றுள் நினைவிலிருப்பதைக் கொண்டு அங்கு விசாரியுங்கள். அரச காணி அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

இ. நான்கு எல்லைகள், அயற்காணிக்காரர், கிணறு, பனை, மா, பலா ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பது இன்னும் நல்லது. காணியைப் பாராமல் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கொப்பிதான் எரேமியாவின் மண்சட்டி.

கலந்துரையாடலுக்கு

• எரேமியா 29, 32 ஆகிய அதிகாரங்களை வாசியுங்கள். உங்கள் குடும்பம் இன்று எதை அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது?

• காந்தியடிகள் கொழும்பில் சொன்ன கண்டிப்பு நம் பங்குக்கு எங்கே பொருந்துகிறது?

• நம்மைப் போல் காணி இழந்த, வேறு சமயத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்று நம் அயலில் உண்டா? அவர்களுக்காக நாம் என்ன செய்திருக்கிறோம்?